வாதிக்குள் வண்டி இறக்கும் முன்: பாலைவனக் காட்டாற்று வெள்ளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓமானிலும் அமீரகத்திலும் வேலை பார்க்கும் நம் ஆட்கள் ஃபோர் வீல் வண்டி வாங்கியதும் முதலில் போவது மணல்மேட்டுக்கு. அது அலுத்ததும் வாதிக்கு. மணலில் சிக்கினால் போவது மானம் மட்டும்தான். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். வாதி அப்படி இல்லை. பல வருடங்களாக ஹஜர் மலைப் பக்கம் சுற்றிக்கொண்டிருப்பவன் என்பதால், புதிதாக வண்டி எடுத்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வாதி என்றால் ஆறா, பள்ளத்தாக்கா?

இரண்டும்தான். (கோர்ட்டில் நிற்கும் வாதி இல்லை.) மலையிலிருந்து இறங்கி, வருடத்தின் பெரும்பாலான நாள் காய்ந்து கிடக்கும் கூழாங்கல் படுகைக்கு அரபியில் அந்தப் பெயர். தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் காட்டாறு. ஓமானியர்கள் பேச்சில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். வெள்ளம் வந்தால் "வாதி இறங்கிவிட்டது" என்பார்கள். படுகைக்கும் வெள்ளத்துக்கும் அவர்களுக்கு ஒரே சொல். நாம்தான் காய்ந்த கல்லைப் பார்த்து அதை ரோடு என்று நினைத்துக்கொள்கிறோம்.

வருடத்துக்கு மொத்தமே 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. அதில் எங்கிருந்து வெள்ளம் வரும்?

சென்னையில் வருடத்துக்கு 1,400 மி.மீ. பெய்கிறது. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் எல்லாருக்கும் எழும் சந்தேகம் இது. மழை எவ்வளவு என்பதை விட, விழுந்த மழையை நிலம் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம்.

ஹஜர் மலை முஸந்தம் தொடங்கி ரஸ் அல் ஹத் வரை ஏறக்குறைய 700 கிலோமீட்டர் நீளும் மொட்டைப் பாறை. ஜெபல் ஷம்ஸ் பக்கம் 3,000 மீட்டர் உயரம். மண் இல்லை, மரம் இல்லை, புல் இல்லை. நம்மூர் மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கை இலை பிடிக்கும், ஒரு பங்கை மண் குடிக்கும். இங்கே சிமென்ட் மொட்டைமாடியில் பெய்த மாதிரி மொத்தமும் வழிந்து ஓடும். மொட்டைமாடித் தண்ணீர் எல்லாம் ஒரே குழாயில்தானே இறங்கும்? அந்தக் குழாய்தான் வாதி.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 100 சதுர கிலோமீட்டர் மலைப்பரப்பில் வெறும் 10 மி.மீ. மழை பெய்தால் அது 100 கோடி லிட்டர். அதில் பாதி ஓடிவந்தாலும், முப்பது மீட்டர் அகலமுள்ள ஒரு மலை இடுக்கு அதைத் தாங்குமா? ஹஜரில் ஒரு பெரிய வாதிக்கு இதைப் போலப் பல மடங்கு பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது.

நான் போன இடத்தில் வெயில் கொளுத்தியது. வானத்தில் மேகமே இல்லை. அப்போதும் பயப்பட வேண்டுமா?

வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். உங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானம் உங்களுக்கு ஒன்றுமே சொல்லாது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை, உங்களிடம் வந்து சேர ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். வரும்போது சொல்லிக்கொண்டு வராது.

எனக்கு இது புரிந்தது ஒரு பிற்பகலில். ரொம்பக் குறுகலான ஒரு வாதியில் நான்கு வண்டியில் போயிருந்தோம். பாறை நிழலில் பாய் விரித்து, பிரியாணிச் சட்டியைத் திறந்தாகிவிட்டது. மேலே பளிச்சென்று நீல வானம். அந்த வழியாக ஒரு பழைய பிக்கப்பில் வந்த பெரியவர் வண்டியை நிறுத்தி, மலையைக் காட்டி, கையைக் கீழ்நோக்கி அசைத்து ஏதோ சொன்னார். எங்களில் யாருக்கும் அவ்வளவு அரபி போதாது. திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவன், "அண்ணே, தாமிரபரணியில பார்க்காத தண்ணியா? சாப்பிட்டுட்டுக் கிளம்புவோம்" என்றான். பெரியவர் போகவில்லை. ஹாரனை அடித்துக்கொண்டே நின்றார். அவர் தொல்லை தாங்காமல்தான் சட்டியை மூடினோம் என்பது உண்மை. மேட்டில் ஏறி ஒரு இருபது நிமிடம் இருக்கும். லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பழுப்பு நிறத்தில், முன்னால் குச்சியும் சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, முழங்கால் உயரத்தில் ஒரு சுவர் வந்தது. நாங்கள் பாய் விரித்த இடத்தில் கொஞ்ச நேரத்தில் ஆள் உயரத் தண்ணீர். அப்போதும் வானம் நீலமாகத்தான் இருந்தது. தம்பி அன்று முழுக்கத் தாமிரபரணி பற்றிப் பேசவில்லை.

எந்த மாதங்களில் போகக் கூடாது?

குளிர்காலத்தில்தான் மழை, கோடையில் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதிதான் சரி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கிலிருந்து வரும் மழை பரவலாகப் பெய்யும். இரண்டு நாள் முன்பே வானிலை அறிவிப்பில் தெரிந்துவிடும். கோடையில் கதையே வேறு. காலையில் சுத்தமாக இருக்கும் வானத்தில், மதியத்துக்கு மேல் வெப்பமும் கடற்காற்றும் ஹஜர் உச்சியில் மோதி இடிமேகம் கட்டும். ஓமானில் இதை 'ரவாயிஹ்' என்கிறார்கள். ஒரு மலைக்கு மட்டும் கொட்டிவிட்டுப் போய்விடும். கோடையில் வாதிக்குள் போவதாக இருந்தால் விடிகாலையில் போய், பன்னிரண்டு மணிக்குள் மேட்டுக்கு வந்துவிடுவது என் வழக்கம்.

அப்புறம் புயல்கள். 2007 ஜூனில் வந்த கோனு புயலில் ஓமானில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். ஃபுஜைராவைப் புரட்டிப்போட்ட வெள்ளம் 2022 ஜூலை கடைசி வாரத்தில், நடுக்கோடையில் வந்தது. அமீரகத்தில் ஏழு உயிர் போனது.

என் வண்டிக்கு 700 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்று கம்பெனியே போட்டிருக்கிறதே?

லேண்ட் குரூஸருக்கு 700, டிஃபெண்டருக்கு 900 என்று கையேட்டில் இருப்பது உண்மைதான். அது தேங்கிய தண்ணீருக்கான கணக்கு. அடியில் தரை எப்படி என்று தெரிந்து, மெதுவாக ஓட்டிப் போகும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் புகாது என்பதற்கான உத்தரவாதம். பக்கவாட்டில் வந்து மோதும் வெள்ளத்துக்கு எந்தக் கம்பெனியும் எண் கொடுத்ததில்லை.

பெரிய வண்டி மிதக்காது என்று நினைப்பவர்களுக்காக: ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் உள்ள வண்டிக்கு அடிப்பரப்பு 10 சதுர மீட்டர். தண்ணீர் வண்டியின் அடித்தட்டைத் தொட்ட பிறகு, ஒவ்வொரு 10 செ.மீ. ஏறும்போதும் தோராயமாக ஒரு டன் எடையைத் தூக்கும். வண்டியின் எடை இரண்டரை டன். அடித்தட்டுக்கும் தரைக்கும் இடைவெளி 22, 23 செ.மீ. அப்படியானால் தண்ணீர் அரை மீட்டரைத் தொடும்போது டயர் தரையை அழுத்தும் பலம் கிட்டத்தட்ட காலி. கதவு இடுக்கு வழியே உள்ளே தண்ணீர் நிறையும் வரை அது வண்டி இல்லை, பரிசல். துடுப்பு இல்லாத பரிசல். நான்கு சக்கரமும் சுற்றினால் என்ன, பிடிக்கத் தரை வேண்டுமே.

அமெரிக்க தேசிய வானிலைச் சேவை சொல்லும் அளவுகள் இதனோடு ஒத்துப்போகின்றன: ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தால் ஆளைத் தள்ளும், 30 செ.மீ. சின்ன காரை நகர்த்தும், 60 செ.மீ. பெரும்பாலான பெரிய வண்டிகளையும் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே வருவது வெறும் தண்ணீரும் இல்லை. சேறு, கல், சில நேரம் பாறை.

ஸ்நார்க்கெல் (எஞ்சினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) மாட்டினால்?

எஞ்சின் மூச்சு விடும். வண்டி மிதப்பதை அது தடுக்காது.

எனக்கு முன்னால் ஒரு பிக்கப் கடந்து போய்விட்டதே, பார்த்தேனே?

இதுதான் அதிகம் பேரை இழுத்துவிடும் கண்ணி. கரையில் பத்து வண்டி நிற்கும். ஒருவன் இறங்குவான், தப்பிப்பான். மீதி ஒன்பது பேருக்கும் நாமும் போகலாம் என்று தோன்றும். பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடிப்பார். வண்டிக்குள் இருக்கும் மச்சான் வீடியோ எடுக்கத் தயாராகிவிடுவான். பிக்கப் போனது ஐந்து நிமிடத்துக்கு முன். வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தால் இப்போது இருப்பது அந்தத் தண்ணீர் இல்லை. பிக்கப்பின் சக்கரம் போன தடம் உங்களுக்குத் தெரியாது. கலங்கலுக்கு அடியில் பாதையே அரித்துப் போயிருக்கலாம்.

நான் பார்ப்பது ஒன்றுதான். கரையோரம் ஒரு கல்லைக் குறி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருப்பேன். தண்ணீர் கல்லின் மேல் ஏறினால் பேச்சே இல்லை, திரும்பிவிட வேண்டியதுதான். இறங்கினாலும் காத்திருப்பேன், அடித்தளம் கண்ணுக்குத் தெரியும் வரை. இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடக்கூடிய தண்ணீருக்காக யாரும் வண்டியைப் பறிகொடுக்க வேண்டாம்.

நான் ஆஃப்-ரோடு போவதே இல்லை. தார் ரோடுதானே?

ஓமானில் பல தார் ரோடுகள் வாதியைக் கடப்பது பாலத்தில் இல்லை, தரைப்பாலத்தில். நம்மூரில் மழைக்காலத்தில் தரைப்பாலம் மூழ்கிய செய்தி படித்திருப்பீர்கள், அதே கதை. ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக நட்டிருக்கும் குச்சிகள் அழகுக்கு இல்லை; ரோட்டின் விளிம்பையும் தண்ணீரின் ஆழத்தையும் காட்ட. 2024 ஏப்ரல் 14 அன்று ஓமானின் சமத் அல் ஷான் பகுதியில் பள்ளிக் குழந்தைகள் போன வண்டியை வெள்ளம் அடித்துச் சென்றது. அது சாகசப் பயணம் இல்லை, பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழி. அதற்கு இரண்டு நாள் கழித்து அல் ஐன் அருகே கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254 மி.மீ. பெய்து, அமீரகத்தில் 75 வருடப் பதிவுகளையும் முறியடித்தது.

வாதிக்குள் இருக்கும்போது வெள்ளம் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெளிந்த நீரோடை திடீரென்று கலங்கும். சருகும் குச்சியும் மிதந்து வரும். காரணமில்லாமல் குளிர்ந்த காற்று, ஈர மண் வாசனை. மேலே மலைப்பக்கம் கருமை, இடி. சத்தம் கேட்டுவிட்டால் உங்களிடம் இருப்பது நிமிடங்கள் கூட இல்லை.

அந்த நேரத்தில் வண்டியைத் திருப்ப முயல வேண்டாம், பக்கத்தில் மேடு இருந்து நேராக ஏற்ற முடிந்தால் ஒழிய. வெள்ளத்தை முந்திக்கொண்டு படுகை வழியே கீழ்நோக்கி ஓட்டலாம் என்ற யோசனை எல்லாருக்கும் வரும். கல்லும் வளைவும் உள்ள பாதையில் அது நடக்காது. இறங்கி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் ஏறுங்கள். பை, போன், பாஸ்போர்ட், பிரியாணிச் சட்டி எதற்கும் திரும்ப வேண்டாம். பாறை இடுக்கு செங்குத்தாக இருக்கும் இடங்களில், உதாரணமாக வாதி பனி அவ்ஃப் பாதையில் வரும் பாம்புப் பள்ளத்தாக்கு போன்றவற்றில், ஏற வழியே இருக்காது. அப்படிப்பட்ட இடத்துக்குள் நுழையும்போதே கடைசியாக ஏறக்கூடிய இடம் எது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி தண்ணீரில் நகர ஆரம்பித்துவிட்டால்?

முதலில் ஜன்னல். மின்சாரம் போவதற்குள் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கதவைத் தள்ளிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வெளியே இருக்கும் நீரின் அழுத்தத்தில் அது திறக்காது. சீட் பெல்ட்டைக் கழற்றி, சின்னக் குழந்தையை முதலில் வெளியே அனுப்பி, ஜன்னல் வழியாகக் கூரைக்கு ஏறுங்கள். கூரையில் இருப்பவரைத் தூரத்திலிருந்தும் பார்க்க முடியும்.

கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வாங்கி வைப்பது நல்லதுதான், ஆனால் உங்கள் வண்டியில் எந்தக் கண்ணாடி உடையும் என்று முன்பே பாருங்கள். முன்கண்ணாடி ஒட்டுக் கண்ணாடி, உடையாது. புது வண்டிகள் சிலவற்றில் முன்பக்க ஜன்னல்களும் அப்படித்தான். பின்பக்க ஜன்னலின் மூலையில் அடிக்க வேண்டியிருக்கும்.

தண்ணீரில் விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்கள் முன்னால் இருக்கும்படி போங்கள். பாறையில் கால் மோதட்டும், தலை மோத வேண்டாம். நடுவில் எழுந்து நிற்க முயன்றால் கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். உதவிக்கு அமீரகத்தில் 999, ஓமானில் 9999. ஆழமான வாதிகளில் சிக்னல் கிடைக்காது என்பதால், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வெளியே ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போவதுதான் உண்மையான போன்.

இரவு டென்ட் எங்கே போடலாம்?

படுகையில் போடாதீர்கள். மணல் மெத்தை மாதிரி இருக்கும், ஆசையாகத்தான் இருக்கும். சுற்றியிருக்கும் மரங்களைப் பாருங்கள். இங்குள்ள ஃகாஃப் மரம் வேறொன்றும் இல்லை, நம்மூர் வன்னி மரம்தான். அதன் கிளைகளில் வைக்கோல் பொதி போலச் சருகும் பிளாஸ்டிக் பையும் சிக்கியிருக்கும். யாரும் கொண்டு போய் மாட்டியதில்லை. போன வெள்ளம் எட்டிய உயரம் அது. பெரும்பாலும் உங்கள் தலைக்கு மேலே இருக்கும். பாறைச் சுவரிலும் அந்தக் கோடு தெரியும். அதற்கு மேலே இடம் கிடைத்தால் அங்கே போடுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் கிளம்பலாமா?

அவசரப்பட வேண்டாம். ஒரு வாதியில் பல கிளைகள் சேரும். ஒவ்வொன்றின் தண்ணீரும் ஒவ்வொரு நேரத்தில் வரும். முதல் அலை வடிந்தது என்று இறங்கியவர்களை இரண்டாவது அலை பிடிக்கும். போகும்போது பார்த்த பாதை திரும்பும்போது இருக்காது. ஜிபிஎஸ் தடத்தை நம்பாமல், முன்னால் ஒருவர் நடந்து பார்த்து வழி சொல்ல, பின்னால் வண்டி வரட்டும். மேலே பாறை ஊறியிருப்பதால் கல் உருளும்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றை அழுத்தும் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் உள்ளே கம்பி வளையும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் ரெகவரி வண்டிதான்.

மணல்வெளியில் இந்தத் தொல்லை இல்லையே?

மணல்மேடு தண்ணீரைக் குடித்துவிடும், உண்மை. மேடுகளுக்கு நடுவே இருக்கும் சப்காவைப் பாருங்கள், அந்த உப்புத் தரையை. காய்ந்திருக்கும்போது சிமென்ட் மாதிரி, மழைக்குப் பிறகு மேல் ஓடு மட்டும் காய்ந்து அடியில் களிமண் குழம்பு. ரூபுல் காலி பாலைவனத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் உம் அல் சமீம் உப்புச் சதுப்புக்கு உள்ளூர்க்காரர்களே வெயில் காலத்திலும் ஒதுங்கித்தான் போவார்கள். மழை பெய்து சில வாரமாவது சப்காவைச் சுற்றிக்கொண்டு போங்கள்.

போலீஸ் பிடிப்பார்களா? இன்ஷூரன்ஸ்?

அமீரகத்தில் வெள்ளம் ஓடும் வாதிக்குள் இறங்கினால், ஆபத்து பெரிதோ சிறிதோ, 2,000 திர்ஹம் அபராதம், 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல். 24 புள்ளியில் லைசென்ஸ் போய்விடும் என்பதை வைத்து 23-ஐப் புரிந்துகொள்ளுங்கள். மழை நேரத்தில் வாதி, அணை ஓரத்தில் கூடி வேடிக்கை பார்த்தாலே 1,000 திர்ஹம், 6 புள்ளி. ஓடும் வாதியில் ஓட்டி ஒருவர் சாவுக்குக் காரணமானால், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஒரு வருடத்துக்குக் குறையாத சிறையும் ஒரு லட்சம் திர்ஹத்துக்குக் குறையாத அபராதமும், அல்லது இரண்டில் ஒன்று. ஓமானில் வேண்டுமென்றே வாதியைக் கடந்தால் மூன்று மாதம் வரை சிறை, 500 ரியால் வரை அபராதம். இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, இயற்கைச் சீற்றத்துக்குக் காப்பீடு இருக்கிறதா, ஆஃப்-ரோடு அதில் சேருமா என்று பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள். வண்டி முழுகிய பிறகு படித்த நண்பர் ஒருவர் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் செயற்கை மழையால் வருவதுதானே?

2024 வெள்ளத்தின்போது டீக்கடை வரை இந்தப் பேச்சு. அந்தப் புயலின்போது மேக விதைப்பு செய்யவில்லை என்று அமீரக வானிலை மையம் சொன்னது. அவ்வளவு பெரிய மழை அமைப்பை விதைத்து உருவாக்கவும் முடியாது. விதைப்பது தொடங்கியது சில பத்து வருடங்களுக்கு முன்புதான், வாதிகளை அறுத்தது ஆயிரமாயிரம் வருட வெள்ளம்.

அப்படியானால் மழைக்காலத்தில் வாதிக்கே போகக் கூடாதா?

போகலாம். மழைக்குப் பிந்தைய வாதி மாதிரி அழகு இந்த ஊரில் வேறில்லை; குளங்கள் நிறைந்து, பாறை கழுவி, ஒரு வாரத்தில் பச்சை துளிர்க்கும். மழை நின்று இரண்டு மூன்று நாள் விட்டுப் போங்கள். முந்தின நாள் இரவும் கிளம்பும் காலையும் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். போகும் ஊருக்கு மட்டுமல்ல, அந்த வாதி புறப்படும் மலைக்கும். வழியில் பெட்ரோல் பங்கிலோ கிராமத்துக் கடையிலோ "மேலே மழையா?" என்று கேளுங்கள். யாராவது ஹாரன் அடித்தால் சட்டியை மூடிவிடுங்கள்.